கழுவாத டம்ளர்

1

இந்தக் கதை ஒரு கைப்பேசி வீடியோவிலிருந்து பிறந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிற்பாடு உங்களுக்கும் எனக்கும் மனத்தாங்கல் வராது.

போன மழைக்காலத்தில் எங்கள் வீட்டு டிஷ்வாஷர் மக்கர் செய்தது. (பாத்திரம் கழுவும் இயந்திரம் என்று எழுதிப் பார்த்தேன். அரசாணை படிப்பதுபோல இருந்தது. டிஷ்வாஷர் என்றே இருக்கட்டும்; அலுத்தால் மெஷின் என்பேன்.) பழுது பார்க்க வந்த பெண் முன்பக்கம், பின்பக்கம், அடிப்பக்கம் எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் தன் கைப்பேசியை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டாள். டார்ச்சை எரியவிட்டாள். வீடியோவை ஓடவிட்டாள். தட்டுகளுக்கு நடுவே அதைச் சாய்த்து வைத்து, கதவைச் சாத்தி, மெஷினைப் போட்டாள். சற்று நேரம் கழித்து வெளியே எடுத்துத் துடைத்து, "பாருங்க சார்" என்று நீட்டினாள்.

கோளாறு அற்பமானது. காம்பு நீண்ட ஒரு கரண்டி, உள்ளே தண்ணீரைப் பீய்ச்சியபடி சுழல வேண்டிய கையைச் சுழலவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தது. அதில் கதை இல்லை. கரண்டியை எடுத்த பிறகு அவள் எடுத்த இரண்டாவது வீடியோவில்தான் கதை இருந்தது. அதை எனக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டு அன்று முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வியப்பு சீக்கிரம் வரும். வீட்டில் இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்.

அதில் என்ன இருந்தது என்பதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். மற்றபடி மனிதர்கள், வீடு, பேச்சு எல்லாம் நான் கட்டியவை.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: "மல்லேஸ்வரத்தில் மெட்ரோ படிகளில் இறங்கிய அந்த இளம்பெண்ணின் தோளில் தொங்கிய பையின் பாரம், உண்மையில் அவள் வாழ்க்கையின்"

(இங்கேயே நிறுத்திவிட்டேன். இப்படிக் கிளம்புகிற வாக்கியம் எங்கே போய் முட்டும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பையில் ஸ்பேனர்களும் ஒரு மல்டிமீட்டரும் இருந்தன. பாரம் அவ்வளவுதான்.)

இரண்டாவது: "சமைத்துச் சாப்பிடத் தொடங்கிய நாளிலிருந்தே மனித குலம் ஒரு கேள்வியைத் தள்ளிப்போட்டு வந்திருக்கிறது: யார் கழுவுவது?"

(கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மனித குலம் அதைத் தள்ளிப்போடவே இல்லை. யார் கழுவுவது என்பதை முதல் நாளே தீர்மானித்துவிட்டது. அந்தப் பக்கம் போனால் கதை என் கையை விட்டுப் போய்விடும் என்று பயந்து அடித்துவிட்டேன். பயந்தது வீண் என்று பிறகு தெரிந்தது.)

மூன்றாவது நிலைத்துவிட்டது: "சங்கமித்ரா மூன்றாவது முறையாக அதே வீட்டின் அழைப்பு மணியை அழுத்தினாள்."

3

மூன்றாவது முறை என்பதுதான் விஷயம்.

சங்கமித்ரா பயிற்சியில் இருக்கும் டெக்னீஷியன். அல்சூர் பக்கம் பழைய கண்டோன்மென்ட் குடியிருப்பில் அவள் வீடு. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு, வேறு வேலை கிடைக்காமல், பொம்மசந்திராவில் ஒரு குடோனில் நின்றபடி அட்டைப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பெட்டிகளுக்குள் இருந்தவை மிக்சி, வாஷிங் மெஷின், டிஷ்வாஷர். எதையும் திறந்து பார்க்க முடியாது. ஒட்டி அனுப்ப வேண்டியதுதான். ஒட்டுகிற ஒவ்வொரு பெட்டியும் உள்ளே எப்படி இருக்கும் என்று யோசித்து யோசித்தே அவளுக்கு டேப் கோணலாகும். அதற்குத் திட்டும் வாங்கியிருக்கிறாள். அப்படிப்பட்டவளை ஒரு சர்வீஸ் சென்டர் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டு, கையில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து, இனிமேல் எல்லாவற்றையும் திறந்து பார்க்கலாம் என்றது. அவளுக்கு அது கல்யாணச் சாப்பாடு மாதிரி இருந்தது.

அன்று காலை சூப்பர்வைசர் இராஜமாணிக்கம் போனில் கூப்பிட்டார்.

"மித்ரா, அந்த மல்லேஸ்வரம் வீட்ல மறுபடியும் கம்ப்ளெயின்ட். பம்ப் மாத்துன. வால்வ் மாத்துன. இன்னும் என்னா மாத்தப் போற, வீட்டையா?"

"இல்ல சார். இந்த தபா பாத்துடறேன்."

"பாத்தா நல்லது. மூணாவது விசிட்லயும் சரியாவலன்னா ட்ரெயினிங் ஆளுங்கள வெளிய அனுப்ப மாட்டாங்க. திரும்ப குடோன்தான். நான் சொல்லியும் ஒண்ணும் ஆவாது, தெரிஞ்சிக்க."

"தெரியும் சார்."

ஆக, அவள் அழுத்திய மணிக்குப் பின்னால் ஒரு வேலை இருக்கிறது. அது போகுமா நிற்குமா என்பதற்காகத்தான் நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். நானும் அதற்காகத்தான் எழுதத் தொடங்கினேன்.

4

கதவைத் திறந்தவர் ஜெயலக்ஷ்மி. அந்த வீட்டில் தனியாக இருப்பவர், ஓய்வு பெற்றவர். மணிக்கட்டில் அறுவை சிகிச்சை ஆன பிறகு, அம்மா இனிமேல் தேய்க்கக் கூடாது என்று மகன் அச்யுத் வாங்கி வைத்ததுதான் அந்த டிஷ்வாஷர்.

"வாம்மா. மறுபடியும் உன்னைத்தான் அனுப்பினாளா" என்றார். கோபம் இல்லை. பஸ்ஸைத் தவறவிட்டவரைப் பார்த்துச் சொல்வதுபோலச் சொன்னார்.

முதல் தடவை வந்தபோது "பன்னி, ஒளகே பன்னி" என்று கன்னடத்தில் வரவேற்றவர், இவள் போனில் அம்மாவோடு பேசியதைக் கேட்டுவிட்டு, "தமிழா நீ, முன்னாடியே சொல்லப்படாதோ" என்று மாறிக்கொண்டார். அதிலிருந்து இருவருக்கும் தமிழ்தான். இரண்டு பேரும் பேசியது ஒரே தமிழ் அல்ல என்பது வேறு விஷயம்.

"அதே கதைதாம்மா. நேரம் ஒண்ணு காட்டறது. அதுக்கு ரொம்ப முன்னாடியே முடிஞ்சுடுத்துன்னு பீப் அடிக்கறது. திறந்து பாத்தா சூடே இல்ல. தட்டெல்லாம் வெள்ளை வெள்ளையாப் பூத்திருக்கு."

"உப்பு போட்டீங்களா மேடம்? மெஷினுக்குன்னு வர உப்பு?"

"போட்டிருக்கேன். தண்ணியும் கடுந்தண்ணி இல்ல, காவேரிதான். அதைப் பத்தி நீ எங்கிட்ட சந்தேகப்படாதே."

அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. பணிக்காலம் முழுவதும் அரசாங்கத்தின் குடிநீர் ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்தவர்.

(ஒரு வார்த்தை. முதல் வரைவில் ஜெயலக்ஷ்மி வங்கி அதிகாரி. கணக்கில் கெட்டி, கைராசிக்காரர் என்றெல்லாம் எழுதி வைத்திருந்தேன். கதை நகரவே இல்லை. இரண்டு பேரும் மெஷின் முன்னால் சும்மா நின்றுகொண்டிருந்தார்கள். தண்ணீரைப் பரிசோதிக்கிறவராக மாற்றியதும் சமையலறையில் வெளிச்சம் வந்தது. இவ்வளவு வசதியாக ஒரு வேலையைக் கொண்டுவந்து பொருத்தலாமா என்று நீங்கள் கேட்கலாம். மல்லேஸ்வரத்தில் ஓய்வு பெற்ற அரசு ஊழியர் இல்லாத தெரு ஒன்றை எனக்குக் காட்டுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.)

5

இந்த இடத்தில் ஒரு டம்ளர் வந்தது. அதை நான் கூப்பிடவில்லை.

முதல் தடவையும் இரண்டாம் தடவையும் ஜெயலக்ஷ்மி சங்கமித்ராவுக்குக் காபி கொடுத்திருந்தார். எவர்சில்வர் டம்ளரில், நுரையோடு, நல்ல காபி. குடித்து முடித்ததும் இரண்டு தடவையும் சங்கமித்ரா எழுந்து போய் டம்ளரைத் தேய்த்துக் கழுவி, மேடையின் ஓரத்தில், மற்றப் பாத்திரங்களிலிருந்து தள்ளி, கவிழ்த்து வைத்தாள். அது அவள் அம்மா முத்தம்மா சொல்லிக் கொடுத்தது. முத்தம்மா பல வீடுகளில் வேலை செய்தவள்.

"அவங்க சொல்றதுக்கு முன்னாடி நீயே கழுவி வெச்சிடு. அவங்க வாயால சொல்ல வெச்சிக்காத."

இதைக் கதையில் கொண்டுவர நான் திட்டமிடவில்லை. நான் எழுத நினைத்தது ஒரு மெஷினைப் பற்றி. ஆனால் அவளுக்குச் சங்கமித்ரா என்று பெயர் வைத்தேன். அந்தப் பெயரை வைத்த குடும்பத்தை நினைத்தேன். அவர்கள் வீட்டுக் கூடத்துச் சுவரில் புத்தர் படத்தை மாட்டினேன். அடுத்த வரியில் டம்ளர் மேடை ஓரத்தில் கவிழ்ந்து கிடந்தது. சரி, வம்பு வேண்டாம் என்று பெயரை ஸ்னேஹா என்று மாற்றிப் பார்த்தேன். ஸ்னேஹா காபியைக் குடித்துவிட்டு டம்ளரைச் சோபாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கதையும் ஆகவில்லை. பழைய பெயரையே திரும்ப வைத்தேன்.

அவள் கவிழ்த்துவிட்டுப் போன டம்ளரை ஜெயலக்ஷ்மி பிறகு என்ன செய்தார்? மற்ற டம்ளர்களோடு அடுக்கினாரா? இன்னொரு தடவை கழுவினாரா? தனியாக எடுத்து வைத்தாரா?*

* எனக்குத் தெரியாது. எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்பது வாசகர்கள் பெரிய மனசு பண்ணிக் கொடுக்கிற பட்டம். ஜெயலக்ஷ்மி நல்லவர் என்று தெரியும். அதை வைத்துக்கொண்டு டம்ளர் எங்கே போயிற்று என்று சொல்ல முடியவில்லை.

6

சங்கமித்ரா மெஷினின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தாள், சுத்தமாக இருந்தது. அதுவும் எப்படி, வீட்டுக்கு வந்த அன்று இருந்த மாதிரி. சூடேற்றும் ஹீட்டரில் மீட்டரை வைத்தாள், சரியாக இருந்தது. பம்ப் அவள் மாற்றியது. வால்வும் அவள் மாற்றியது. போன இரண்டு தடவையும் மாற்றி முடித்ததும் சீக்கிரம் முடிகிற குட்டி புரோகிராமைப் போட்டு ஓட்டிப் பார்த்தாள். அழகாக ஓடியது. கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள். தான் செய்த தவறு அந்தக் குட்டி புரோகிராமில்தான் இருந்தது என்று அவளுக்கு இன்னும் தெரியாது.

"காபி சாப்பிட்டுட்டுப் பாரேன்" என்று ஜெயலக்ஷ்மி இரண்டு டம்ளர்களோடு வந்தார். தன் டம்ளரை அண்ணாந்து, உதட்டில் படாமல் ஊற்றிக்கொண்டார். சங்கமித்ரா வாய் வைத்துக் குடித்தாள். அவளுக்குத் தூக்கிக் குடித்தால் புரையேறும். மெஷினையே பார்த்தபடி குடித்தாள். டம்ளரை மேடையில் வைத்தாள். கழுவ எழுந்திருக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

"மேடம், நீங்க தினம் எப்படி வெப்பீங்களோ அப்படியே பாத்திரத்த வெச்சு, தினம் போடற புரோகிராமையே போடுங்க. நான் போனை உள்ள வெக்கறேன்."

"போனையா? கெட்டுப் போயிடாதோ?"

"கவர் இருக்கு மேடம். சூடு ஏர்றதுக்குள்ள எடுத்துடலாம்."

கைப்பேசி உள்ளே போனது. கதவு மூடியது. இரண்டு பெண்களும் மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே எதுவோ முனகியது. பிறகு சோவென்று கேட்டது. கொஞ்சம் பொறுத்துக் கதவைத் திறந்து, போனை எடுத்து, புடவைத் தலைப்பால் ஜெயலக்ஷ்மியே துடைத்துக் கொடுத்தார். ஒரே திரையின் மேல் இரண்டு தலைகளும் குனிந்தன.

இதுதான் அதற்குரிய இடம்.

முதலில் ஒன்றும் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் தட்டுகளின் விளிம்புகள், ஒன்றன் பின் ஒன்றாக, அசையாமல். அப்புறம் கீழே எங்கோ ஈரம் பளபளக்கிறது. தண்ணீர் ஓசையில்லாமல் ஊறி ஏறுகிறது. அந்த நீண்ட கை லேசாக அசைகிறது, தயங்குகிறது, மறுபடி அசைகிறது. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. பிறகு மழை. கீழிருந்து மேலே பெய்கிற மழை. ஒவ்வொரு தட்டின் அடியிலும் அறைந்து, உடைந்து, விளிம்பில் வழிந்து, கூரையைத் தொட்டு, திரும்ப மழையாகவே விழுகிறது. மேலேயும் மழை, கீழேயும் மழை, நடுவில் எவர்சில்வர் தட்டுகள் கோயில் தீபாராதனை நேரத்தில் மின்னுவதுபோல மின்னி மின்னி மறைகின்றன.

நான் இதைப் பார்த்தபோது அழவில்லை, ஆனால் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தேன். இத்தனை நாளும் இது என் சமையலறையில் நடந்திருக்கிறது. நான் பக்கத்து அறையில் செய்தி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எட்டிப் பார்க்கலாமென்று கதவைத் திறந்தால் நின்றுவிடும். யாரும் பார்க்காதபோது மட்டும் பெய்கிற மழை அது.

சங்கமித்ரா மூச்சுவிடாமல் பார்த்தாள். பெட்டிக்கு டேப் ஒட்டிய நாளெல்லாம் அவள் யோசித்த உள்பக்கம் இதுதான். வேலை போகப் போகிறது என்பதுகூட அந்த நேரத்தில் அவளுக்கு மறந்துபோனது.

"இன்னொரு தரம் போடு" என்றார் ஜெயலக்ஷ்மி.

போட்டாள்.

"இன்னொரு தரம்."

7

மூன்றாம் முறை பார்க்கும்போதுதான் ஜெயலக்ஷ்மி திரையில் விரலை வைத்தார்.

"தண்ணியைப் பாத்தியோ?"

"பாத்தேன் மேடம். நல்லா வருது."

"அதைச் சொல்லல. எவ்வளவு தெளிவா இருக்கு பாரு. பாத்திரம் கழுவற தண்ணி மாதிரியே இல்ல. எங்க லேபுக்கு வந்திருந்தா குடிக்கலாம்னு எழுதிக் குடுத்திருப்பேன்."

சங்கமித்ரா திரையைப் பார்த்தாள். பிறகு மெஷினுக்குள் இருந்த தட்டுகளைப் பார்த்தாள்.

"மேடம், இதெல்லாம் கழுவிட்டா வெச்சீங்க?"

"பின்னே? எச்சில் தட்டையும் சாதம் வடிச்ச பாத்திரத்தையும் அப்படியே ஒண்ணா உள்ள வெக்க முடியுமோ? எல்லாத்தையும் ஒரு தரம் தேய்ச்சு அலம்பிட்டுத்தான் வெப்பேன்."

"தினமுமா?"

"தினமும்தான்" என்றவர், சற்றுத் தயங்கி, "அச்யுத்துக்குத் தெரியாது. சொன்னா கத்துவான்" என்றார். அறுவை சிகிச்சைத் தழும்பு இருந்த மணிக்கட்டை மறுகையால் தடவிக்கொண்டார்.

(இந்த இடத்தில் சங்கமித்ரா ஏதாவது நினைத்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் எச்சில் என்ற சொல்லைச் சொல்லும்போது, மேடையில் வாய் வைத்துக் குடித்த டம்ளர் ஒன்று இருக்கும்போது. "அவள் மனம்" என்று ஆரம்பித்து நான்கு வரி எழுதினேன். எடுத்துவிட்டேன். உண்மையில் அவள் அப்போது மெஷினைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தாள். கோளாறு பிடிபடப் போகிற நேரத்தில் வேறு எதுவும் மண்டையில் ஏறாது.)

பயிற்சி வகுப்பில் இராஜமாணிக்கம் நகத்தளவு ஒரு பொருளை எல்லோருக்கும் காட்டி, இது மெஷினோட கண்ணு, எக்ஸாமுக்கு வரும் என்றிருந்தார். எக்ஸாமுக்கு வரவில்லை. அவளும் மறந்துவிட்டாள்.

"மேடம், இதுக்குள்ள அடியில ஒரு கண்ணு இருக்கு. ஒரு பக்கம் சின்னதா லைட்டு. எதிர்ப்பக்கம் அந்த லைட்டு எவ்ளோ வந்து சேருதுன்னு பாக்கறது ஒண்ணு. நடுவுல தண்ணி போவும். தண்ணி கலங்கலா இருந்தா லைட்டு கம்மியாத் தெரியும். அழுக்கு நெறைய இருக்கு, நல்லா கழுவணும், நல்லா சூடு பண்ணணும்னு மெஷினுக்குப் புரியும்."

ஜெயலக்ஷ்மி பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"இதைத்தாம்மா நான் சர்வீஸ் முழுக்கப் பண்ணினேன்" என்றார். "கண்ணாடிக் குழாய்ல தண்ணியை ஊத்தி, லைட்டைக் காட்டி, எவ்வளவு கலங்கல்னு பாத்து எழுதுவோம். ஊர் பூரா தண்ணியையும் அப்படித்தான் பாத்திருக்கேன். என் சமையல்கட்டுல ஒண்ணு உக்காந்துண்டு அதே வேலையைப் பண்ணிண்டிருக்கு. எனக்குத் தெரியல பாரு."

குனிந்து மெஷினின் அடியைப் பார்த்தார். அந்தக் கண் வெளியே தெரியாது என்று தெரிந்தும் பார்த்தார். பழைய ஆபீசில் கூட வேலை செய்தவரை எதிர்பாராமல் சந்தையில் பார்த்தவர் முகம்போல இருந்தது அவர் முகம்.

"ஆமா, அதுக்கு எது எச்சில் தட்டு, எது சாதப் பாத்திரம்னு தெரியுமோ?"

"தெரியாது மேடம். யாரு சாப்ட்டதுன்னும் தெரியாது. கலங்கலா இல்லையா, அவ்ளோதான்."

"அப்போ நான் கழுவிட்டு வெச்சா..."

"தண்ணி சுத்தமா இருக்கு, நமக்கு இங்க வேலை இல்லன்னு நெனச்சிக்கும். சீக்கிரமா முடிச்சிடும். சூடும் போதாது. சோப்பும் சரியாக் கரையாது, அதான் வெள்ளையா ஒட்டிக்குது. மெஷின் நல்லாத்தான் இருக்கு மேடம். நான்தான் சின்ன புரோகிராம் போட்டுப் பாத்துட்டுப் போயிட்டேன். அதுல இந்தக் கண்ணைக் கேக்கவே கேக்காது."

அவள் சிரித்துவிட்டாள். ஜெயலக்ஷ்மியும் சிரித்தார். பம்ப் மாற்றியது, வால்வ் மாற்றியது, எல்லாம் ஒரு நல்ல மெஷினுக்கு.

8

இனி நிரூபிக்க வேண்டும். கழுவாத பாத்திரத்தைப் போட்டு, மெஷின் சொன்ன நேரம் வரை ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சங்கமித்ரா இராஜமாணிக்கத்துக்குப் போன் செய்ய முடியும்.

"எச்சில் பாத்திரம் ஏதாச்சும் இருந்தா..."

"இந்த வீட்டுல ஏது? சாப்ட்ட கையோட அலம்பிடுவேனே."

மத்தியானச் சமையல் இருந்தது. ஜெயலக்ஷ்மி சாம்பாரை வேறு கிண்ணத்துக்கு மாற்றினார். சாம்பார்ப் பாத்திரம் உள்ளே போனது. பருக்கை ஒட்டிய சாதப் பாத்திரம், தயிர் ஒட்டிய கிண்ணம், கறி வதக்கிய வாணலி. ஒவ்வொன்றையும் வைக்கும்போது அவர் கை குழாய்ப் பக்கம் போய்த் திரும்பியது. கழுவாமல் வைப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும். வைத்தார். தன் காபி டம்ளரையும் மெஷினின் மேல் அடுக்கில் வைத்தார். அதில் உதடு படவில்லை, அதனால் அது சுலபமாகவே நடந்தது.

மேடையில் மிச்சம் இருந்தது ஒரு டம்ளர்.

வேலை விஷயத்தை நான் தீர்த்துவிடுகிறேன். அது போகாது. அந்தச் சாம்பாரும் பருக்கையும் போதும், மெஷின் முழு நேரமும் ஓடும், இராஜமாணிக்கம் போனில் "அந்தக் கண்ணை நான்தானே சொல்லிக் குடுத்தேன்" என்று பெருமையை எடுத்துக்கொள்வார், சங்கமித்ரா பொம்மசந்திரா குடோனுக்குத் திரும்பப் போக மாட்டாள். இவ்வளவு செய்ய எனக்கு அதிகாரம் உண்டு. செய்துவிட்டேன். டம்ளரில்தான் என் அதிகாரம் செல்லவில்லை.

ஒரு முடிவு: ஜெயலக்ஷ்மி அந்த டம்ளரைத் தானே எடுத்து, தன் டம்ளருக்குப் பக்கத்தில் வைக்கிறார். (எழுதி முடித்ததும் எனக்குக் கண் கலங்கியது. அதனாலேயே இதை நம்ப முடியவில்லை. இப்படி முடிந்தால் நீங்களும் நானும் நிம்மதியாகத் தூங்கிவிடுவோம்.)

இன்னொரு முடிவு: ஜெயலக்ஷ்மியின் பார்வை டம்ளர் மேல் ஒரு கணம் நிற்கிறது. "இது போறும், நிறையவே கலங்கும்" என்று கதவைச் சாத்துகிறார். சங்கமித்ரா டம்ளரை எடுத்துப் போய்த் தேய்த்து, ஓரத்தில் கவிழ்க்கிறாள். யாரும் யாரையும் எதுவும் சொல்லவில்லை. காபி அப்போதும் நன்றாகத்தான் இருந்தது. (நடக்கக்கூடியதுதான். நம் ஊரில் தினமும் நடக்கிறது. எழுத எனக்குக் கை வரவில்லை.)

மூன்றாவது: சங்கமித்ரா யாரையும் கேட்காமல் டம்ளரை எடுத்து மேல் அடுக்கின் நடுவில் வைக்கிறாள். முத்தம்மா சொன்னதை முதல் முறையாக மீறுகிறாள். திரும்பி ஜெயலக்ஷ்மியைப் பார்க்கிறாள். ஜெயலக்ஷ்மியின் முகம்

(இல்லை. அந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.)

9

ஆகவே கதையை இந்த இடத்தில் நிறுத்துகிறேன்.

மெஷினின் கதவு திறந்திருக்கிறது. உள்ளே எல்லாம் அடுக்கியாகிவிட்டது. மேல் அடுக்கில் ஒரு டம்ளர் நிற்கிற அளவுக்கு இடம் இருக்கிறது. கவனமாக எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், ஒன்றுக்கு இடம் இருக்கிறது. அடியில் அந்தக் கண் காத்திருக்கிறது. சற்று நேரத்தில் யாரும் பார்க்காத மழை அங்கே பெய்யப் போகிறது. அது எல்லாப் பாத்திரத்தின் மேலும் ஒரே மாதிரிதான் பெய்யும். அந்த வீடியோவை எத்தனை முறை ஓட்டிப் பார்த்தும் அதில் நான் வேறுபாடு எதையும் பார்க்கவில்லை.

சங்கமித்ரா பழக்கத்தில் டம்ளரை எடுத்துவிட்டாள். குழாயைத் திறக்கக் கை நீள்கிறது.

"இரும்மா" என்கிறார் ஜெயலக்ஷ்மி.

அவர் அடுத்துச் சொல்லப் போவது எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டுக்குப் பழுது பார்க்க வருகிறவர்களுக்கும் நீங்கள் காபி கொடுப்பீர்கள். குடித்து வைத்த டம்ளர் அவர்கள் போன பிறகு எங்கே போகிறது என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். அதைக்கொண்டு முடித்துக்கொள்ளுங்கள். கதவை நீங்கள்தான் சாத்த வேண்டும்.